மூத்தவர் பிரிக்கணும், இளையவர் எடுக்கணும்

பாகம் பிரித்துவிடப் போகிறவன், செருப்பை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து நாய்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எட்டாவது வரைக்கும். மேற்படிப்பு மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில், மூட்டைக்கு அடியில். ஏமாந்து, அடி வாங்கி, திருப்பிப் பேசக் கற்று, தோட்டத் தரகனாகி, கடைசியில் அண்ணன் தம்பிகளுக்குச் சொத்துப் பிரித்துவிடுகிறவனாக வந்து நின்றேன். வேலுச்சாமி என்றால் யாருக்கும் தெரியாது, கோபக்கார வேலுச்சாமி என்றால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வார். நீங்களும் கோயில் கமிட்டி, அடுக்குமாடிச் சங்கம், மச்சினன் கல்யாணப் பேச்சு என்று எதிலாவது போய் உட்கார்ந்து, "இந்தப் பாவத்துக்கு நான் எதுக்கு வந்தேன்" என்று விட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு மாட்டியது ஒரு கமிட்டி, எனக்கு மாட்டியது ஒரு மாவட்டம்.

வேலி இல்லாத தோட்டம்

எங்கள் கரட்டுப்பாளையத்தைத் தலைமையிடமாக வைத்துத் தனி மாவட்டம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் நிறைந்துவிட்டது. ஒருவழியாக அரசாங்கம் இறங்கி வந்தது. மாவட்டத்தைப் பிரிப்பது பற்றி ஆராய ஒரு குழு போடுகிறோம், அந்தக் குழு எதை ஆராயலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதிகளை முதலில் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து பேசி எழுதிக் கொடுங்கள் என்றது. ஒரு பக்கம் நாங்கள். இன்னொரு பக்கம், பிரிந்து போகிற எங்களைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்த கோயமுத்தூர் நகரத்து ஆட்கள்.

எங்கள் தனி மாவட்டக் குழுவுக்குத் தலைவர், எண்ணெய் மில் ஆறுமுகம். நல்ல மனிதர்தான், ஆனால் எதிராளி "அப்படீங்களா" என்று ஒரு தடவை கேட்டால் போதும், இவர் பாதியை விட்டுக் கொடுத்துவிடுவார். அது அவருக்கே தெரிந்ததால் என் வீட்டுக்கு வந்தார். மாவட்டத்தைப் பற்றி எனக்கு என்னங்க தெரியும், நான் தென்னை மரத்தையும் கிணற்றையும் பிரிக்கிறவன் என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மாவட்டம்னா என்னங்க வேலு, வேலி இல்லாத தோட்டந்தானுங்களே!"

ஒரு கையெழுத்துக்கு இரண்டு பஸ்

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஆறுமுகம் இல்லை, என் அக்கா சரசு. அவளைக் கட்டிக் கொடுத்த ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே வரிசையாக ஏழு ஊராட்சிகள். எங்கள் கரட்டுப்பாளையத்துக்கு இருபது நிமிஷம், கோயமுத்தூருக்கு இரண்டு பஸ் மாறி அரை நாள். ஆனால் எந்தக் கையெழுத்தானாலும் கோயமுத்தூருக்குத்தான் போக வேண்டும். நகரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஏழும் எந்தப் பக்கம் போகும் என்பது யாருக்கும் தெரியாது.

போன வருஷம் யானை இறங்கி, காய்ப்புக்கு வந்த பதினாலு தென்னையைச் சாய்த்துப் போட்டது. நிவாரணத்துக்கு மனு எடுத்துக்கொண்டு அக்கா போனாள். முதல் தடவை அதிகாரி முகாமில் இருந்தார். இரண்டாம் தடவை படம் ஒட்டவில்லை. மூன்றாம் தடவை படம் ஒட்டியிருந்தது, ஆனால் அதில் மரம் தெரிகிறது, யானை தெரியவில்லை என்றார்கள். முழங்கால் வீங்கி உட்கார்ந்திருந்தவள், நான் பேச்சுவார்த்தைக்குப் போகப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் சொன்னாள்:

"நீ மாவட்டம் வாங்கறயோ வாங்கலையோ சாமி, எங்க ஏழு ஊரை மட்டும் அக்கட்டால உட்டுப்போட்டு வந்தராதே."

மேசை

முதல் கூட்டம். விதிகளை எழுதிக்கொள்ள அரசாங்கம் ஒரு பெண் அதிகாரியை அனுப்பியிருந்தது. நம்ம பக்கத்து அம்மணிதான், மெதுவான பேச்சு. அவர் கொண்டுவந்த வரைவில் முதல் வரி: மாவட்டத்தைப் பிரிப்பது தேவையா என்று குழு ஆராயும்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை வீடு பார்த்தவன் நான்! "பிரியலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனால், பாட்டன் காலத்து ஆட்டுக்கல் கதை வரைக்கும் கேட்டுவிட்டுச் சோறு தின்று திரும்பி வர வேண்டியதுதான். முப்பது வருஷம் ஆனாலும் அந்த வீடு பிரியாது, சேரவும் சேராது. பாகம் பிரிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று, எப்படிப் பிரிக்கலாம்? அதைத்தான் குழு ஆராய வேண்டும், முதல் வரியை அடியுங்கள் என்று சொல்லி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மேலே போட்டிருந்த கண்ணாடி, நட்டநடுவில் கோடு போட்ட மாதிரி விரிசல் விட்டுப் போயிற்று.

ஆறுமுகம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மணி விரிசலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார்.

"சரிங்க, எப்படின்னே எழுதிக்கறேன். பிரியலாமான்னு கேக்கறதுக்கு முன்னாடி மேசை பிரிஞ்சு போச்சுங்களே."

தோப்பையே கேட்பது

எதிராளியைச் சமாளித்துவிடலாம், கூட இருப்பவரை யார் சமாளிப்பது? எங்கள் குழுவில் மருந்துக்கடை கனகராஜ் என்று ஒருவர். மாத்திரை அட்டையைக்கூடப் பாதியாக வெட்டித் தராதவர். எங்கள் கோரிக்கைகளை எழுத உட்கார்ந்தபோது, மாவட்டம் என்ன பெரிய மாவட்டம், கேட்கிறது கேட்கிறோம், தனி மாநிலமாகவே கேட்டுவிடலாம் என்றார். தலைநகர் எங்கே வைப்பது என்று ஆறுமுகம் வெள்ளந்தியாகக் கேட்டு வைத்தார். மூன்று மணி நேரம் போயிற்று. சட்டமன்றத்துக்கு எந்தக் கல்யாண மண்டபம் தோதுப்படும் என்பது வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

நான் கத்தினேன். குழு எந்த எல்லைக்குள் பேசும் என்று எழுதத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாம் எல்லையே இல்லாமல் பேசினால் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஏழு ஊராட்சியும் போகும் என்றேன். கனகராஜ் அசையவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எப்போதோ அவருக்கு ஒரு மனை முடித்துக் கொடுத்தபோது நான் சொன்னதை எனக்கே திருப்பிக் கொடுத்தார்:

"தேங்காய் வேணும்னா தோப்பையே கேக்கோணும்னு சொன்னது நீங்கதானுங்க?"

நம்ம தொழில் வழக்கம்

நகரத்துப் பக்கம் பேச வந்தவர் ஜப்பார் பாய். உக்கடத்துப் பக்கம் இரும்புக் கடை. நான் மண்டியில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். ஒரு தடவை அவரிடம் தராசுச் சங்கிலி வாங்கப் போய், சங்கிலியோடு தராசையும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். குரலை உயர்த்த மாட்டார். "ஏனுங்", "சரிங்", "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்" என்று சொல்லிக்கொண்டே நம் வேட்டியை உருவிவிடுவார்.

அவரை மடக்கத்தான் ஒரு விதியை எழுதினேன். எங்கள் பக்கம் பங்கு பிரிக்கிறபோது ஒரு வழக்கம் உண்டு: மூத்தவன் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். மூத்தவன் களவாணித்தனமாக ஒரு பங்கைக் கொழுக்க வைத்தால், சின்னவன் அதையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் பிரிக்கிறவன் ஒழுங்காகப் பிரிப்பான். அதேபோல, நடுவில் கிடக்கிற ஊர்களையும் இடங்களையும் மூத்த தரப்பு இரண்டு பங்காக வைக்கும், இளைய தரப்பு தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ளும், குழு அதையே பரிந்துரை செய்யும். இப்படிச் சொல்லி எழுத வைத்தேன். கோயமுத்தூர் மூத்தது, அவர்கள் பிரிக்கட்டும். நாம் பிறக்கப் போகிற பிள்ளை, எந்தப் பங்கில் ஏழு ஊராட்சியும் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஊர்ப் பேர் போட்டு எழுதலாமா என்று அந்த அம்மணி கேட்டார். வேண்டாமுங்க, "மூத்த தரப்பு" என்றால் அவர்களுக்கு மரியாதையாக இருக்கும் என்று நானே சொன்னேன். என் வாயால் நானே சொன்னேன்.

பாய் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பேரமே பேசாமல் கையெழுத்துப் போட்டார். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நெம்ப நல்ல வழக்கமுங்க வேலு. இதெல்லாம் படிச்சவங்களுக்கு எங்கீங்க தோணும்."

போர்வை

விதிகள் முடிந்து அரசாங்கக் குழு வந்து இறங்கியது. தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சித்திரை வெயில், தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. எங்கள் பக்கம் பெரியவர்களுக்குப் பொன்னாடையை விட சென்னிமலைப் போர்வை போர்த்துவதுதான் கௌரவம். போகிற ஊரிலெல்லாம் ஒரு போர்வை. வியாபாரிகள் சங்கம் ஒன்று, விவசாயிகள் சங்கம் ஒன்று, அதிலிருந்து பிரிந்த விவசாயிகள் சங்கம், போட்டிக்கு இரட்டைப் போர்வை. மத்தியானத்துக்குள் காரின் பின் சீட்டில் ஆள் உட்கார இடமில்லை. குழுவின் உறுப்பினர் ஒருவர் போர்வைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்து, தலை கார்க் கூரையில் முட்ட முட்ட வந்தார்.

தலைவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கடைசி ஊரில் ஆறுமுகமே ஒன்றை விரித்துக்கொண்டு கிட்டே போனபோதுதான், நெற்றி வேர்வையை அதன் ஓரத்திலேயே துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்க மாவட்டத்தைப் பிரிக்கிறேனோ இல்லியோ, நான் ஊட்டிக்குக் குடி போயாகணும் போல இருக்கே."

கல்வெட்டு

இனி வருவதை எழுதும்போது இன்னமும் எனக்குக் காது சூடாகிறது.

பெரிய கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் நிறைந்திருந்தார்கள். தலைவர் விதிகளைப் படித்துக்கொண்டே வந்து என் வரியில் நின்றார். மூத்த தரப்பு யார் என்று குறிப்பில் எழுத வேண்டுமே, யாருங்க என்று கேட்டார். சும்மா கேட்ட கேள்வி. பாய் எழுந்தார். "அதுலென்னங்க சந்தேகம், நாங்கதானுங்க மூத்தவங்க" என்றார். உள்ளுக்குள் நான் குதித்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அத்தோடு முடிந்தது.

பாய் உட்காரவில்லை. அதே மெதுவான குரலில் தொடர்ந்தார். "கரட்டுப்பாளையத்துல வெறும் கம்பங்காடு இருந்தப்பவே எங்களுக்குக் கோட்டை இருந்துச்சுங்க. பாவம், நேத்துப் பொறந்த ஊரு. அவங்களுக்குச் சந்தைன்னா என்ன, கடைவீதின்னா என்னன்னு காட்டிக் குடுத்ததே நாங்கதானுங்க. இப்பவும் தாலி வாங்கோணும்னா எங்க ஊருக்குத்தானுங்க வாராங்க. கொழந்தைங்க மாதிரிங்க, நாங்க பாத்து வளத்தி உடறோம்."

எங்கள் பக்கத்து நாற்காலிகள் கிறீச்சென்றன. எனக்குப் பின்னால் யாரோ, "ஏனுங்க, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார்கள். எப்போது எழுந்தேன், மைக்கை எப்போது பிடுங்கினேன் என்று தெரியாது. "எங்க ஈஸ்வரன் கோயில் கல்வெட்டை வந்து படிச்சுப் பாருங்க! அதுல எங்க ஊர்ப் பேரு இருக்குது, உங்க ஊர்ப் பேரு இல்லை! கம்பங்காடாமா! நாங்கதான் மூத்தவங்க, எழுதிக்குங்கய்யா!" மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி விசில். கனகராஜ் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார். ஆறுமுகம் ஓடிவந்து, தலைவருக்குப் போட்டு மிச்சமிருந்த போர்வையை என் தோளில் போர்த்தினார். தலைவர் குனிந்து எழுதினார்.

போர்வையோடு என் நாற்காலிக்குத் திரும்பி நடந்தபோது, பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. எடுக்கிற உரிமையை அவருக்குக் கொடுத்துவிட்டு, பிரிக்கிற வேலையை நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பாய் எனக்குக் கும்பிடு போட்டார்.

"மூத்தவங்க வாயால வந்துருச்சு, சந்தோஷமுங்க. பிரிச்சு வையுங்க, சின்னவங்க நாங்க வந்து எடுத்துக்கறோம்."

கூடவே வருவது

பங்கு பிரித்து வைக்க நாலு நாள் கெடு. நாலு நாளும் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே தின்றேன், நடந்துகொண்டே பேசினேன். செருப்புத் தேய்ந்ததா, தரை தேய்ந்ததா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நடுவில் கிடப்பதில் பெரிய விஷயம் இரண்டு: ஒன்று ஏழு ஊராட்சி, இன்னொன்று தொழிற்பேட்டை. மோட்டார் பம்பு செய்கிற கம்பெனிகள், லாரி, வேலை, வரும்படி எல்லாம் தொழிற்பேட்டையில். எங்கள் குழு கண் வைத்திருந்ததும் அதன் மேல்தான். இரண்டையும் ஒரே பங்கில் வைத்தால் பாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தனித்தனியாக வைத்தாலும் நிம்மதி இல்லை. மலையடிவாரத்தில் ஆறு இருக்கிறது, காற்று இருக்கிறது, நகரத்துக் காசுக்காரர்கள் பண்ணை வீடு கட்ட ஏற்கனவே வேலி போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் பாயின் காதைக் கடித்தால்? பாய் ஊராட்சிகளை எடுத்துவிட்டால் அக்காவுக்குச் சாகிற வரைக்கும் இரண்டு பஸ்தான்.

மூன்றாம் நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஏழு ஊராட்சி இருக்கிற பங்கில் ஆறு, ஏரி, தோப்பு, மலைக் காட்சி என்று எழுதியிருந்தேன். என்னையறியாமல், விற்கப் போகிற தோட்டத்துக்கு எழுதுவது போல எழுதிவிட்டேன். அக்கா புளி கொட்டை எடுத்துக்கொண்டே படிக்கச் சொல்லிக் கேட்டாள். சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று எரிந்து விழுந்தேன். வாசல் பக்கம் கையைக் காட்டினாள். கதவில்லாத பம்புசெட் அறை நின்றுகொண்டிருந்தது. கதவு வாழைக்காட்டுக்குள் இரண்டாக மடிந்து கிடந்தது.

"ஏன்டா வேலு, கல்யாணத் தரகனாட்ட நல்லதையே எழுதியிருக்கறே. கூட வாரவனையும் எழுதிப் போடு, அவனும் எங்கூர்க்காரந்தானே?"

எத்தனை யானை

பாகப் பத்திரத்தில் ஒரு நியாயம் உண்டு. கிணறு யாருக்கோ, கிணற்றுக்குள் இருக்கிற பாம்பும் அவருக்கே. அன்று சாயங்காலமே பட்டியலில் இன்னொரு பத்தி சேர்த்தேன், கூடவே வருவது என்று தலைப்புப் போட்டு. தொழிற்பேட்டைப் பங்குக்கு நேராகப் புகை, லாரி நெரிசல் என்று உள்ளதை எழுதினேன். ஏழு ஊராட்சிக்கு நேராக யானை இறங்குகிற வழித்தடம், யானை விரட்டுகிற குழு, அகழி வெட்டுகிற வேலை, சாய்கிற தென்னைக்கு நிவாரணம், அந்த மனுக்களோடு வருகிற என் அக்கா மாதிரி ஆட்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தொழிற்பேட்டைப் பங்கு கொஞ்சம் கனக்கட்டும் என்று பைபாஸ் சந்திப்பையும் அதிலேயே தள்ளினேன். எங்கள் குழுவிடம் காட்டவில்லை. காட்டினால் என்னைக் கிணற்றில் போட்டிருப்பார்கள்.

நாலாம் நாள் காலையில் அதே மண்டபத்தில் ஒரு சின்ன அறை. குழுத் தலைவர், அந்த அம்மணி, எங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் மூன்று பேர். பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தொழிற்பேட்டை ஊராட்சிகளோடு இல்லாமல் அடுத்த பங்கில் இருப்பதைப் பார்த்ததும் கனகராஜ் என் தொடையைக் கிள்ளினார். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். பாய் பக்கத்தில் இருந்த ஒருவர் ஊராட்சிப் பங்கில் விரலை வைத்து, "ஆத்தங்கரை எல்லாம் இதுலதானுங்க இருக்குது" என்றார். பாய் அந்த விரலை அப்படியே பக்கத்துப் பத்திக்கு நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை யானைங்க?"

"நின்னு எண்ணுன ஆளு எவனும் திரும்பி வந்து சொன்னதில்லீங்க" என்றேன்.

குழுத் தலைவர் இருமினார். பாய் பட்டியலை மடித்துத் தலைவர் பக்கம் தள்ளினார்.

"யானையை மேய்க்க மூத்தவங்களாலதானுங்க முடியும். எங்களுக்குத் தொழிற்பேட்டைப் பங்கே போதுமுங்க."

செருப்பு

ஏழு ஊராட்சியும் எங்களுக்கு என்று தலைவர் எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெளியே வந்து செருப்பைத் தேடினேன். பாய் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில், நல்ல வேளை உங்களுக்கு யானை பயம் என்றேன். அவர் என் செருப்பைக் காட்டினார். மண்டபத்து உள்பக்கம் பார்த்துக் கிடந்தது. இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாகத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன்.

"ஓடற எண்ணத்தோட வர்ற வேலு இல்லை இன்னைக்கின்னு வாசல்லயே தெரிஞ்சு போச்சுங்க. அக்கா ஊரு அந்த ஏழுல ஒண்ணுதானுங்களே? எங்களுக்குத் தொழிற்பேட்டை வேணும், உங்களுக்கு அக்கா வேணும். மொத நாளே மேசையை ஒடைக்காம இதை வாயத் தொறந்து சொல்லியிருந்தா, ஒரு டீயில முடிஞ்சிருக்குமுங்க."

வரவேற்பு

கரட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஆறுமுகம் "அப்படீங்களா, அப்படீங்களா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், வேறெதுவும் வரவில்லை. கனகராஜ் மருந்துக்கடைக்கு முன்னால் பத்துப் பேரைக் கூட்டி வைத்திருந்தார். அந்த ஏழு ஊர்ச் சனமும் சனம்தானே, வருஷம் முழுக்க இரண்டு பஸ் மாறி அலைகிறவர்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், வேறென்ன வேண்டும் உங்களுக்கு என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். சொன்னதில் ஒரு சொல்லையும் நான் இன்றைக்கும் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஊரில் நின்றது நான் சொன்னது இல்லை, கனகராஜ் சொன்னதுதான். இன்றைக்கும் டீக்கடையில் என் தலை தெரிந்தால் யாராவது ஒருவர் அதை எடுத்து விடுகிறார்:

"தொழிற்பேட்டையைக் குடுத்துப்போட்டு யானையை வாங்கிட்டு வந்த மகராசன் வாராருங்கோ!"

பரிசீலனை

குழு அறிக்கை கொடுத்துவிட்டது. கெட்டியான அட்டை போட்டு, என் பட்டியலைக் கூடவே வருவது பத்தியோடு கடைசியில் சேர்த்திருக்கிறார்களாம். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். கேட்கிற ஒவ்வொரு தடவையும் அந்த அம்மணி போனை எடுத்து மரியாதையாகப் பேசுகிறார், புது மேசை வந்துவிட்டதா என்று நானும் மரியாதையாக விசாரிக்கிறேன். மாவட்டம் இன்னும் பிரியவில்லை. அக்கா போன வாரமும் இரண்டு பஸ் மாறிக் கோயமுத்தூர் போனாள். இந்தத் தடவை படத்தில் யானையும் தெரிகிறது, ஆனால் அது இவள் தோட்டத்தில்தான் நிற்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். கோபத்தில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் எழுந்திருக்காமலே, வீங்கின முழங்காலை நீவிக்கொண்டு சொன்னாள்:

"இரு சாமி, எங்கெ போறே? நம்மளது நமக்குன்னு எழுதியாச்சில்ல, அது போதும். வாரப்ப வரட்டும்."

ஆக, மூத்தவர் பிரித்து, இளையவர் எடுத்து, அரசாங்கம் அடுக்கி வைத்த பிறகும், தன் பங்கை யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் தினம் வந்து எடுத்துக்கொண்டு போவது யானை மட்டும்தான்.